சக்கை மடல் பிடித்த சாயம்

குளோரி வேதியியல் படித்தவள் என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும். அந்தப் படிப்பைக் கொண்டு யாருக்கும் பெரிதாக ஒன்றும் ஆனதில்லை என்பதும் தெரியும். பட்டம் வாங்கிய கையோடு கல்யாணம் முடிந்தது. குழித்துறைக்கு மேற்கே, மேடும் பள்ளமுமாகக் கிடக்கிற ஒரு தெருவில், செல்வதாஸின் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். வேலைக்கு விண்ணப்பம் போட்டாள், காத்திருந்தாள், பிறகு காத்திருப்பதையும் விட்டுவிட்டாள்.

அந்தப் படிப்பை மதித்தவள் ஒருத்திதான். அடுத்த வீட்டு நேசம்மாள். பத்துப் பதினைந்து வயது மூத்தவள், கணவனை இழந்தவள். ஜினிஷா என்று ஒரே மகள். ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரை அட்டையைக் கையில் பிடித்தபடி வேலி ஓரத்தில் வந்து நிற்பாள்.

"குளோரி, இந்தக் குளிகை எதுக்குள்ளதாக்கும்? பாத்துச் சொல்லு மக்கா."

"இது பிரஷருக்கு அக்கா. காலையில ஒண்ணு."

"ராத்திரிக்குன்னுல்லா மருந்து தந்த பயலு சொன்னான். கொள்ளாம். நீ சொன்னா நான் காலையிலேயே தின்னுகேன்."

குளோரி சொன்னால் அது சரி. நேசம்மாளுக்கு அதற்கு மேல் விசாரணை கிடையாது.

இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு வேலியும் ஓர் ஆள் உயர இறக்கமும் இருந்தன. செல்வதாஸின் மனை மேலே, நேசம்மாளின் மனை ஒரு தட்டு கீழே. அந்தக் கீழ்த்தட்டில், தென்னைகளுக்கு நடுவே, நேசம்மாளின் கிணறு இருந்தது. பங்குனியில் தெருவிலுள்ள மற்றக் கிணறுகள் எல்லாம் சேறு காட்டும்போது இது மட்டும் தெளிந்த தண்ணீரோடு நிற்கும். அந்த மாதங்களில் குளோரியின் வீட்டுச் சோறு நேசம்மாளின் தண்ணீரில்தான் வெந்தது. குளோரியின் பிரசவத்தின்போது வீட்டில் எல்லா வேலையையும் இழுத்துப்போட்டுச் செய்தவளும் நேசம்மாள்தான்.

செல்வதாஸ் வளைகுடாவிலிருந்து திரும்பியபின் வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்டு ஒரு செட் கட்டினான். கயிற்று மிதியடி செய்கிறவர்களுக்கு வேண்டிய தென்னை நார்க் கயிற்றைச் சாயத்தில் முக்கிக் கொடுப்பது தொழில். பச்சை, நீலம், ரோஸ். ரோஸ்தான் அதிகம் போகும். அண்டாவில் கொதிக்கும் சாயத்தில் கயிற்றுக் கற்றையைத் தாழ்த்தி, எடுத்து அலசி, வெயிலில் காயப்போடுவார்கள். அலசிய தண்ணீர் செட்டின் பின்னால் வெட்டிய ஒரு குழிக்குப் போகும். குழிக்குப் போனது எங்கே போகிறது என்று செல்வதாஸ் யோசிக்கவில்லை. குளோரி யோசித்தாள். ஆனால் வாய்விட்டுச் சொன்னதில்லை.

2008 கோடையில் பெய்த ஒரு மழைக்குக் குழியின் கரை உடைந்தது. சாயத்தண்ணீர் வேலியைத் தாண்டி இறங்கி நேசம்மாளின் சேம்பங்காட்டில் தேங்கியது. காலையில் பார்த்தால் சேம்பின் தண்டெல்லாம் ரோஸ். கிணற்றுக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான்.

நேசம்மாள் வேலியோரம் வந்து நின்று, தெரு முழுக்கக் கேட்கும்படி பேசினாள்.

"ஏலே செல்வதாஸே, எனக்க கெணத்துல உனக்க சாயம் எறங்குச்சுன்னு வை, அண்ணைக்கு உனக்க செட்டு நிக்காது, பாத்துக்க!" பிறகு குரலைத் தாழ்த்திக் குளோரியைப் பார்த்தாள். "நீ படிச்சவதானேட்டி? நீயும் பாத்துக்கிட்டு நிக்கியா?"

அன்றோடு பேச்சு நின்றது. அந்தக் கோடையில் குளோரி குடத்தை எடுத்துக்கொண்டு ரோட்டுக் குழாய்க்குப் போனாள். வரிசையில் நிற்கையில் நேசம்மாளின் கிணற்றுக் கப்பி சுற்றும் சத்தம் அங்கேவரை கேட்பதுபோல் அவளுக்குத் தோன்றும். பஞ்சாயத்திலிருந்தும் ஆள் வந்து, நிறத்தோடு தண்ணீரை வெளியே விட்டால் செட்டை மூட வேண்டியதுதான் என்று சொல்லிப் போனார்கள். தண்ணீரைச் சுத்தம் செய்யும் மெஷின் ஒன்றின் விலையை விசாரித்துவிட்டு வந்த செல்வதாஸ், செட்டை விற்றாலும் அதன் மூடிகூட வாங்க முடியாது என்று சிரித்தான்.

அப்போதுதான் குளோரிக்குக் கல்லூரியில் பார்த்த ஒரு சோதனை நினைவுக்கு வந்தது. நிறமுள்ள தண்ணீரில் கரித்தூளைப் போட்டுக் குலுக்கி வடிகட்டினால் நிறம் போய்விடும். நிறம் கரைந்துபோவதில்லை, கரியின் மேற்பரப்பில் போய் ஒட்டிக்கொள்கிறது. பள்ளியில் தமிழில் 'பரப்புக் கவர்ச்சி' என்று படித்து, கல்லூரியில் அதையே ஆங்கிலத்தில் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தாள். கரிதான் வேண்டுமா, விலையில்லாமல் கிடைக்கிற வேறு ஏதாவது போதாதா என்று ஆரம்பித்தது அவள் வேலை.

அடுக்களை ஜன்னலில் காலி ஹார்லிக்ஸ் பாட்டில்கள் வரிசையாக நின்றன. எல்லாவற்றிலும் ரோஸ் தண்ணீர். ஒன்றில் மட்டி வாழைப்பழத்தோல், ஒன்றில் அன்னாசிச் செதிள், ஒன்றில் ஆரஞ்சுத் தோல், ஒன்றில் காய்ந்து பொடித்த பலாமடல்.

"ஏட்டி, சர்பத் கடை போடப் போறியா?" என்றான் செல்வதாஸ்.

"போட்டா முதல் கிளாஸ் உங்களுக்குத்தான். போய் சோலியப் பாருங்க."

வாழைத்தோல் தண்ணீரைக் கலங்கடித்தது. அன்னாசி புளித்து நாறியது. ஆரஞ்சு கொஞ்சம் இழுத்துக்கொண்டு நின்றுவிட்டது. பலாமடல் பாட்டிலை மறுநாள் காலையில் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தபோது, அதன் வழியாக முற்றத்துத் துணிக்கொடி தெளிவாகத் தெரிந்தது. அடியில் மடல்தூள் செக்கச்செவேல் என்று படிந்து கிடந்தது. குளோரி அந்தப் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு அடுக்களையிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். படித்து முடித்த நாளிலிருந்து அவள் அப்படி உட்கார்ந்ததில்லை.

பலாமடலுக்கு எங்கும் அலைய வேண்டியிருக்கவில்லை. சந்தைக்குப் பின்னால், பலாச்சுளையைச் சக்கை வற்றலாகப் பொரிக்கிற கடைகளில், மாசி முதல் வைகாசி வரை மடல் குவிந்து ஈ மொய்க்கும். எடுத்துக்கொண்டு போனால் புண்ணியம் என்றார்கள். வெட்டிக் காயவைத்து, மாவு மில்லில் கெஞ்சிப் பொடித்து, ஒரு டிரம்மில் அடியில் ஆற்றுமணல், நடுவில் மடல்தூள், மேலே மறுபடி மணல் என்று நிரப்பினாள். அதேபோல் இன்னும் இரண்டு. முதல் டிரம்மில் ஊற்றிய சாயத்தண்ணீர் மூன்றாவதன் குழாயில் சொட்டுச் சொட்டாக, நிறமில்லாமல் விழுந்தது. பஞ்சாயத்து ஆள் வந்து பார்த்துவிட்டு, செட் நடக்கட்டும் என்றார்.

இந்தச் சேதி வேலிக்கு அந்தப் பக்கமும் போயிற்று. ஒருநாள் நேசம்மாள் தானாகவே வந்தாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு செட்டுக்குள் வந்தவள், குழாயின் அடியில் இருந்த வாளியைக் குனிந்து பார்த்தாள்.

"நல்லா தெளிஞ்சு கெடக்கே! குடிக்கவும் கொள்ளாமோ?"

"குடிக்காண்டாம் அக்கா."

"பயப்படாத, நீ குடிக்கச் சொன்னாலும் நான் குடிக்கப் போறதில்ல. முதல்ல உனக்க மாப்பிளைக்குக் குடு. அவன் பெழச்சு நின்னான்னா ஊருக்குக் குடுக்கலாம்."

குளோரி சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நேசம்மாள் அதைப் பார்த்தும் பார்க்காதவள்போல் செட்டின் மூலைக்குப் போனாள். அங்கே டிரம்மிலிருந்து கொட்டிய பழைய மடல்தூள் குவியலாகக் கிடந்தது. இனி நிறத்தைப் பிடிக்காது என்று மாற்றியது.

"இத என்ன செய்யப் போற?"

"தெரியல்ல அக்கா. அப்பிடியே கெடக்கு."

"களைஞ்சிராத. எனக்க தெங்கு மூட்டுக்குத் தா மக்கா. இடவப்பாதி வருமுன்ன போட்டா நல்லா அழுகிச் சேரும்."

இந்தப் பக்கத்தில் யாரும் சொல்லக்கூடியதுதான். மழை பிடிக்கும் முன்னே தென்னையின் அடியை வட்டமாக வெட்டித் திறந்து, தேங்காய்க் கதம்பையோ சாம்பலோ பலாச்சுளையைச் சுற்றிய சவிணியோ எது கிடைத்தாலும் போட்டு மூடுவார்கள். வீட்டில் வெட்டுகிற சக்கையில் வீணாகப் போவது எதுவும் கிடையாது. சுளை மனுஷருக்கு, கொட்டை குழம்புக்கு, மடல் ஆட்டுக்கு, மிச்சம் தென்னைக்கு.

குளோரி வாயைத் திறந்தாள். "அக்கா, அதுலதான் சாயம்..."

"சாயமெல்லாம் போயிற்றே. வெள்ளம் கண்ணாடி மாதிரி இருக்குதுல்லா?"

போகவில்லை, அங்கேதான் இருக்கிறது, தண்ணீரிலிருந்து மடலுக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டது மடல் அழுகினால் விட்டுவிடும். இரண்டு வாக்கியம். இரண்டு மொழியில் எழுதி மதிப்பெண் வாங்கிய விஷயம். ஆனால் ஒரு வருஷத்துக்குப் பிறகு நேசம்மாள் மக்கா என்று கூப்பிட்டிருக்கிறாள். இப்போது மடலில் விஷம் இருக்கிறது என்று சொன்னால், அப்படியானால் உன் டிரம் எதற்கு என்று கேட்பாள். கேட்டுவிட்டு வேலிக்கு அந்தப் பக்கம் போய்விடுவாள். கொஞ்சம்தானே, மண் பிடித்துக்கொள்ளும் என்று குளோரி தனக்குத் தானே சொன்னாள்.

"கொண்டு போங்க அக்கா" என்றாள்.

வைகாசி முழுக்க மடல் கீழே இறங்கியது. குளோரியே கூடையில் வாரிக் கொடுத்தாள். கிணற்றைச் சுற்றியிருந்த தென்னைகளின் மூட்டிலெல்லாம் அதைப் போட்டு மண்ணை இழுத்து மூடினாள் நேசம்மாள். குளோரி மறுபடி அந்தக் கிணற்றில் குடம் நிரப்பினாள். கயிற்றை இழுக்கும்போது இரண்டு பேரும் பேசிக்கொண்டே இழுத்தார்கள். ஜினிஷா தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். பிள்ளை ஆணா பெண்ணா என்று இருவரும் பந்தயம் வைத்தார்கள்.

ஆனியில் மழை பிடித்தது. விடாமல் அடித்த மழை. செம்மண் ஊறி, வழியெல்லாம் ஊற்றுப் பறிந்தது. குளோரியின் சொந்தக் கிணறும் நிறைந்ததால், அவள் கீழே தண்ணீருக்குப் போவது நின்றது.

திருவிருந்து ஞாயிற்றுக்கிழமை சபையில் பெண்கள் எல்லோரும் வெள்ளைச் சேலை உடுத்துவது வழக்கம். நேசம்மாள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு வரிசை பின்னால் குளோரி. போதகர் ஜெபித்துக்கொண்டிருக்கையில் கண்ணைத் திறந்த குளோரி, முன்னால் தெரிந்த முதுகுகளைப் பார்த்தாள். எல்லாம் வெள்ளை. நேசம்மாளின் சேலை மட்டும் வெள்ளை இல்லை. ரோஜா இதழை அலசிய தண்ணீரில் முக்கி எடுத்ததுபோல் ஒரு சாயல். அந்த நிறத்தை அவளுக்குத் தெரியும். அடுக்களை ஜன்னலில் வரிசையாக வைத்துப் பார்த்த நிறம். அப்பத்தையும் ரசத்தையும் வாங்க எழுந்து போனபோதும் அவள் கண் அந்தச் சேலையிலேயே இருந்தது.

வெளியே வந்ததும் நேசம்மாளே பேசினாள். "எனக்க சேலையப் பாத்தியா? ஜினிஷாவுக்க சுடிதாரு சாயம் எறக்கிற்று. சேத்து முக்காதட்டின்னு சொன்னா அவ கேட்டாத்தானே!"

"வயித்துப் பிள்ளைக்காரியக் குத்தம் சொல்லாண்டாம்மா" என்றாள் ஜினிஷா.

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். பிற்பாடு குளோரி எத்தனையோ முறை நினைத்துப் பார்த்த இடம் அதுதான். மழை விட்டிருந்தது. கோவில் முற்றத்தில் சனங்கள் குடையை உதறிக்கொண்டு நின்றார்கள். சொல்லியிருந்தால் அவமானம் அன்றோடு முடிந்திருக்கும். அவள் குனிந்து செருப்பை மாட்டினாள்.

வீட்டில் செல்வதாஸிடம் சொன்னாள்.

"நேசம்மாக்காளுக்க கெணத்துல சாயம் எறங்கியிருக்கு."

"ஆரு சொன்னா? அவ சொன்னாளா?"

"இல்ல. நான் சொல்லுகேன்."

"பின்ன நீ எதுக்கு வெப்ராளப்படுக? அடிக்கிற மழைக்கு எல்லாம் கழுவிக்கிட்டுப் போவும். நீ வாயத் தொறக்காம இரு. செட்டு போச்சுன்னா நான் திரும்ப விமானம் ஏறணும்."

அவன் கெட்டவன் இல்லை. பயந்திருந்தான். அவளும் பயந்திருந்தாள். அதனால் அவன் சொன்னது அவளுக்கு வசதியாக இருந்தது.

தினமும் விடியும் நேரத்தில் கீழேயிருந்து கப்பிச் சத்தம் கேட்கும். ஒவ்வொரு வாளிக்கும் ஒரு கிறீச். குளோரி அடுப்படியில் நின்று கேட்பாள். இது துணிக்கு, இது பாத்திரத்துக்கு, இது குடிக்க. ஒருநாள் தாங்க முடியாமல் கீழே போனாள். ஜினிஷா வராந்தாவில் காலை நீட்டி உட்கார்ந்து, ஒரு செம்பில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"மழைக்காலம்லா மக்கா. வெள்ளத்தக் கொதிக்க வச்சுக் குடி" என்றாள் குளோரி. கொதித்தால் சாயம் போகாது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் அதைத்தான் சொன்னாள்.

"பச்சை வெள்ளம் அம்மா தரவே மாட்டா சித்தி. பதிமுகம் போட்டுத்தான் காய்ச்சுவா. பாருங்க, எப்பிடிச் செவந்து கெடக்கு!"

குளோரி செம்புக்குள் பார்த்தாள். இந்தப் பக்கத்து வீடுகளில் பதிமுகக் கட்டையைச் சீவிப் போட்டுக் காய்ச்சிய தண்ணீர் சிவந்துதான் இருக்கும். உடம்புக்கு நல்லதென்று சூலிப்பெண்ணுக்கு அதைத்தான் கொடுப்பார்கள். கட்டையின் சிவப்பும் சாயத்தின் சிவப்பும் ஒரே செம்பில் கிடந்தன. அந்த வீட்டில் யாருக்கும் சந்தேகம் வரப்போவதில்லை என்பது அவளுக்குப் புரிந்தது. சொல்லக்கூடியவள் அவள் ஒருத்திதான்.

"நல்லது" என்று சொல்லிவிட்டு ஏறி வந்தாள்.

அதற்குப் பின் நேசம்மாள் வந்த அன்று மழை தூறிக்கொண்டிருந்தது. தலையில் ஒரு பிளாஸ்டிக் உறை, கையில் வெள்ளைப் பீங்கான் பிஞ்ஞாணம். சண்டைக்கு வருகிற நடை இல்லை. மாத்திரை அட்டையோடு வேலியோரம் வந்து நிற்பாளே, அதே முகம்.

"குளோரி, இதக் கொஞ்சம் பாத்துச் சொல்லு மக்கா. பதிமுகம் தீந்து போச்சு. இன்னைக்கு வெறும் வெள்ளமாக்கும் காய்ச்சினேன். பிஞ்ஞாணத்துல ஊத்தினா, பாரு."

வெள்ளைப் பிஞ்ஞாணத்தின் அடியில் தண்ணீர் ரோஸாக நின்றது.

"எனக்க கெணத்துக்கு என்ன வந்துதுன்னு தெரியல்ல. மண்ணுக்க நெறமா இருக்குமோ? நீ படிச்சவள்லா."

குளோரி பிஞ்ஞாணத்தை வாங்கவில்லை. "மடல் அக்கா" என்றாள். "மடலுல இருந்த சாயம். அது அழுகிக் கீழ எறங்கியிருக்கு."

நேசம்மாள் தண்ணீரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். "மடல நானாக்கும் கேட்டேன்" என்றாள் மெதுவாக. தன் மேலேயே பழியைப் போட்டுக்கொள்ள ஆரம்பித்திருந்தாள். பிறகு ஏதோ தோன்றியிருக்க வேண்டும். "உனக்கு இது எப்பம் தெரியும்?"

இப்போதுதான் என்று சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள். நேசம்மாள் குளோரியை நம்பாமல் இருந்ததே இல்லை.

"திருவிருந்து அண்ணைக்கு. உங்க சேலையப் பாத்தேன்."

"எனக்க பிள்ள குடிச்சிக்கிட்டுல்லாட்டி இருந்தா. நீ வந்து பாத்துட்டுல்லா போன."

நேசம்மாள் கத்துவாள் என்று குளோரி காத்திருந்தாள். கத்தவில்லை. திரும்பி இரண்டடி நடந்தவள் நின்றாள். கையிலிருந்த பிஞ்ஞாணத்தை எங்கே கவிழ்ப்பது என்று முற்றத்தையும் வேலியையும் தென்னையின் அடியையும் பார்த்தாள்.

"இத இப்பம் எங்க கொண்டு கொட்டணும்? அதையாவது சொல்லு" என்றாள்.

நேசம்மாள் பிஞ்ஞாணத்தைத் தளும்பாமல் பிடித்துக்கொண்டு, சறுக்கும் வழியில் பார்த்துப் பார்த்துக் கீழே இறங்கிப் போனாள்.

செல்வதாஸ் செட்டைத் தானே பூட்டினான். யாரும் வந்து பூட்டச் சொல்லவில்லை. நேசம்மாள் பஞ்சாயத்துக்குப் போகவில்லை. புருஷனும் பெண்டாட்டியுமாகத் தென்னை மூடுகளைத் தோண்டி, அழுகின மடலைச் சிவந்த மண்ணோடு வாரி டிரம்களில் நிரப்பினார்கள். ஆள் வைத்துக் கிணற்றை இறைத்தார்கள். மறுபடி ஊறியது, மறுபடி இறைத்தார்கள். ஜினிஷா கணவன் வீட்டுக்குப் போய், அங்கிருந்து நெய்யூர் ஆஸ்பத்திரியில் சேர்ந்து பெண்பிள்ளை பெற்றாள். பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை. அதைக் கேட்ட அன்று குளோரி முழங்காலில் நின்று ஜெபித்தாள். ஆனால் பிள்ளையைப் பார்க்கப் போகவில்லை. பந்தயத்தில் ஜெயித்தவள் அவள்தான். பெண் என்று சொன்னது அவள்.

செல்வதாஸ் சொன்னபடியே விமானம் ஏறினான். குளோரி பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் டியூஷன் எடுத்தாள். பரப்புக் கவர்ச்சி வரும்போது சட்டென்று முடித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போவாள். சில வருஷம் கழித்து, பழக்கழிவால் சாயநீரைத் தெளியவைப்பது பற்றி ஆராய்ச்சி செய்கிற இரண்டு பேர் எப்படியோ கேள்விப்பட்டு வந்தார்கள். எந்தப் பழம், எவ்வளவு தூள், எவ்வளவு நேரம் என்று எல்லாம் கேட்டார்கள். மிகவும் செலவு குறைந்த முறை என்று பாராட்டினார்கள். அவள் அவர்களைச் செட்டுக்குப் பின்னால் அழைத்துப்போய், மூடி இறுக்கி வைத்த டிரம்களைக் காட்டினாள். இதை எங்கே போடுவது என்று உங்கள் ஆராய்ச்சியில் இருக்கிறதா என்று கேட்டாள். அது அடுத்த கட்டம் என்றார்கள். டிரம்கள் இன்னும் அங்கேதான் நிற்கின்றன. தகரம் துருப்பிடிக்கப் பிடிக்க, அவள் ஒவ்வொன்றாகப் பெரிய பிளாஸ்டிக் டிரம்முக்கு மாற்றிக்கொண்டிருக்கிறாள்.

நேசம்மாளின் கிணறு இரண்டு மழை கண்டபின் தெளிந்துவிட்டது. பங்குனியில் தெருவே இப்போதும் அங்கே தண்ணீர் இறைக்கிறது. குளோரியை வராதே என்று நேசம்மாள் சொன்னதில்லை. வழியில் கண்டால் சுகமா என்று கேட்பாள். சுகம் என்று குளோரி சொல்வாள். மாத்திரை அட்டையை இப்போது மருந்துக் கடைக்காரனிடமே கேட்டுக்கொள்கிறாள். குளோரி குடத்தோடு ரோட்டுக் குழாய்க்குத்தான் போகிறாள்.

திருவிருந்து ஞாயிறுகளில் நேசம்மாள் அதே சேலையை உடுத்தி வருகிறாள். வேறு இல்லாமல் இல்லை. ஜினிஷா எடுத்துக் கொடுத்தவை பெட்டியில் இருக்கும். நல்ல சேலையை எதற்குத் தூக்கிப்போடுவது என்று நினைத்திருக்கலாம். அல்லது ஒன்றும் நினைக்காமலும் இருக்கலாம். துவைக்கத் துவைக்க நிறம் மங்கி, இப்போது சேர்ந்து உட்கார்கிறவர்களுக்குக்கூட அது வெள்ளைதான். இரண்டு வரிசை பின்னால் இருக்கும் குளோரிக்கு மட்டும் அந்த ரோஸ் எங்கே இருக்கிறது என்று தெரிகிறது. எல்லோரும் கண்ணை மூடுகிற நேரத்தில் அவள் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.